திரும்பி வந்த குற்றம்

"ஒரே ஒரு வரி. அதுக்கு ஒரு கவரு, ஒரு ஸ்டாம்பு," என்றான் தனுஷ்கோடி. "கார்டுல எழுதியிருந்தா தபால்காரரே வாசிச்சு ஊருக்குச் சொல்லியிருப்பாரு. செலவு மிச்சம்."

எலியேசர் சிரிக்கவில்லை. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு முறை வாசித்தார்.

'27-7-41 அன்று வந்து பேசுவேன்.'

பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. உறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸ் முத்திரை மட்டும் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ராஜபாளையத்து மரக் காண்டிராக்டர் ஞானரத்தினம். நல்ல ஆகிருதி. வெள்ளைக் கோட்டின் கையில் கறுப்புத் துணிப் பட்டை தைத்திருந்தது. அவருடைய மனைவி ஏசம்மாள் கிணற்றில் தவறி விழுந்து செத்து ஐந்து மாதம் ஆகிறது.

"எழுதுனது அன்னாள்தான்," என்றார் ஞானரத்தினம். "என் கொழுந்தியா. உங்களுக்கு நான் சொல்லணுமா, ஐயா? மார்ச் மாசம் அவளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விட்டவரே நீங்கதான்."

எலியேசர் தலையசைத்தார். கடிதத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தேதியில் இரண்டு ஏழுகள் இருந்தன. இரண்டின் நடுவிலும் குறுக்காக ஒரு சின்னக் கோடு.

மார்ச் மாதம் ரயிலில் அன்னாள் தன் புருஷனுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தபோதும் இதே கோடு இருந்தது. "ஏழை ஏம்மா அடிச்சிருக்கே?" என்று அவர் கேட்டார். "அடிக்கல, ஐயா. சைகோன்ல இப்படித்தான் எழுதுவாங்க. ஒண்ணுக்கும் ஏழுக்கும் குழப்பம் வராது," என்று அவள் சொன்னாள்.

அந்த ரயில் பயணத்தில் நடந்த மற்ற பேச்சை எலியேசர் நினைக்க விரும்புவதில்லை.

அன்னாள் தளவாய்புரத்தில் பிறந்தவள். நர்ஸ் வேலைக்குச் சிங்கப்பூர் போனாள். அங்கே காரைக்கால்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் வேலை பார்த்த சைகோனுக்குப் போய்ச் சேர்ந்தாள். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர். அதனால் மாப்பிள்ளை பிரெஞ்சுப் பிரஜை. சட்டப்படி, தாலி ஏறிய நிமிஷமே அவளும் பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அக்காளைப் பார்க்க வந்தவள், பிறந்த மண்ணுக்கே மூன்று மாத அனுமதிச் சீட்டோடு விருந்தாளியாகத்தான் வந்து இறங்கினாள். யுத்தத்தில் கப்பல் நின்றது. அனுமதி முடிந்தது. அக்காள் செத்தாள். அடுத்த பத்தாம் நாள், 'சைகோனிலிருந்து வந்த அந்நிய நாட்டு உளவுக்காரி' என்று யாரோ ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவைக் கையில் கொடுத்து, ரயிலேற்றி, காரைக்கால் எல்லையில் கொண்டுபோய் விட்டுக் கையெழுத்து வாங்கி வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் எலியேசர். ஏப்ரலில் அவர் பென்ஷனில் வந்துவிட்டார். இப்போது துப்பறியும் தொழில், சொந்த வீட்டு முன்னறையில்.

"உத்தரவை மீறித் திரும்பி வந்தா அது குத்தம்," என்றார் எலியேசர். "ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. எங்கிட்ட எதுக்கு?"

"கோர்ட்டு, கச்சேரின்னு போனா குடும்ப மானம் போயிரும். நான் தேடிப் போனா ஒளிஞ்சிருவா. உங்களுக்கு அவ முகம் தெரியும், ஆள் தேடவும் தெரியும். இருக்கிற இடத்தை மட்டும் எனக்குச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்." எழுந்து நின்றவர் சேர்த்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அன்று வியாழக்கிழமை.

அவருடைய கார் தெருமுனை திரும்பும்வரை தனுஷ்கோடி வாசலிலேயே நின்றான். நாடகக் கம்பெனியில் பத்து வருஷம் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்தபிறகு எலியேசரிடம் ஒட்டிக்கொண்டான். நாக்கு மட்டும் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.

"அண்ணாச்சி, கையில கறுப்புப் பட்டை துக்கத்துக்கு. மீசையில கறுப்பு எதுக்கு?"

"என்னலே சொல்லுதே?"

"சாவு வீட்டுல நானும் பாத்தேன். பாதி மீசை நரை. இப்ப ஒரு முடி வெள்ளை இல்ல. துக்கம் கோட்டுக் கையில இருந்து மூஞ்சிக்கு ஏறிட்டு போல."

எலியேசர் அவனை உற்றுப் பார்த்தார். "கிளம்பு. அந்த வீட்டைப் பாப்போம்."

*

ராஜபாளையத்தில் ஞானரத்தினத்தின் வீடு பெரிய வீடு. அவர் மரக் கிட்டங்கிக்குப் போயிருந்தார். பின்கட்டில் கிணறு. கைப்பிடிச் சுவர் எலியேசரின் மார்பு உயரம் இருந்தது.

"ஏசம்மாள் அக்கா எம்புட்டு உசரம்?" என்று தனுஷ்கோடி கேட்டான்.

"என் தோளுக்கு இருப்பாக," என்றாள் வேலைக்காரி இருளம்மாள். நாற்பது வயசு, ஒட்டிய கன்னம், விடாத இருமல்.

"அப்ப தவறி விழணும்னா ஏணி வச்சுல்லா ஏறியிருக்கணும்."

இருளம்மாள் அடுக்களைக்குள் போனாள். எலியேசர் பின்னாலேயே போனார். அடுக்களை ஜன்னலில் ஒரு மருந்துப் பாட்டில், பாதி அளவு சிவப்பு மருந்தோடு. மேலே ஒட்டிய காகிதச் சீட்டில் மையால் எழுதியிருந்தது: 'வேளைக்கு ஒரு அவுன்ஸ். 7 நாள்.'

தனுஷ்கோடி எட்டிப் பார்த்தான். "ஏழுக்கு யாரு இடுப்புல அரைஞாண் கட்டிவிட்டது?"

"இந்த மருந்து எங்க வாங்குனது, தாயி?" என்றார் எலியேசர்.

"இங்கதான், ராஜபாளையம் பெரியாஸ்பத்திரி." அவள் பாட்டிலைப் பார்க்காமலே சொன்னாள்.

எலியேசர் பாட்டிலைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ பழைய நோட்டீஸைக் கிழித்து, அச்சடித்த பக்கத்தில் பசை தடவி, வெற்றுப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அச்சு இருக்கும் பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது. நடுவில் மருந்து நின்று மறைக்கிறது. அவர் மருந்தை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, காலிப் பாட்டிலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வாசி."

தனுஷ்கோடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். "'...னியம்பட்டி சபையார் கூடும் உபவாச ஜெபம்...' வன்னியம்பட்டி, அண்ணாச்சி! பெரியாஸ்பத்திரி எப்ப வன்னியம்பட்டிக்கு வீடு மாறிச்சு?"

இருளம்மாள் சட்டென்று எலியேசரின் காலைப் பிடித்துவிட்டாள். "முதலாளிகிட்ட மட்டும் சொல்லிராதீக, சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எலியேசர் முப்பது வருஷம் காக்கிச் சட்டை போட்டவர். பயந்தவர்கள் 'போலீசில் சொல்லாதீர்கள்' என்று கெஞ்சித்தான் கேட்டிருக்கிறார். இவள் போலீசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளிக்குத்தான் பயப்படுகிறாள். மருந்தை மறுபடி பாட்டிலில் ஊற்றி, மூடி, அவள் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தனுஷ்கோடி சர்ச்சில் மணியடிக்கிறவரோடு ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்தான். வந்தபோது முகத்தில் வழக்கமான இளிப்பு இல்லை.

"காண்டிராக்டருக்கு மறு கலியாணம், அண்ணாச்சி. ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சாச்சு. 'இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை சொல்ல இருக்கா'ன்னு பாதிரியார் மூணு வாரம் சபையில கேப்பாருல்லா? மூணாவது வாரம் வாற ஞாயிறு. இருபத்தேழாம் தேதி."

*

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் வன்னியம்பட்டி போனார்கள். ஓடு வேய்ந்த சின்ன சர்ச். ஒட்டினாற்போல் மருந்து கொடுக்கிற ஒரு அறை. வெளியே ஆறேழு பேர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். உள்ளே வெள்ளைப் புடவையில் ஒரு பெண் ஒரு கிழவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கு அவள் நர்ஸ் ரெபேக்காள்.

எலியேசர் வாசலை மறித்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடவில்லை. கட்டின் முடிச்சை இறுக்கிப் போட்டு, கிழவரை அனுப்பிவிட்டு, கை கழுவினாள்.

"நேத்தே வருவீங்கன்னு பாத்தேன், ஐயா," என்றாள் அன்னாள்.

"ஏழு காட்டிக் கொடுத்துட்டும்மா."

"அது காட்டிக் கொடுக்கல. நான்தான் காட்டச் சொன்னேன்." மேஜைமேல் கிடந்த நோயாளிகள் நோட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "பாருங்க."

எலியேசர் புரட்டினார். ஏப்ரல், மே, ஜூன். பக்கத்துக்குப் பத்து ஏழாவது இருக்கும். ஒன்றுக்கும் கோடு இல்லை. நம் ஊர் ஏழு. கடைசிப் பத்து நாளில் மட்டும் எல்லா ஏழும் அரைஞாண் கட்டியிருந்தன.

தனுஷ்கோடி ஒவ்வொரு ஏழாக விரல் வைத்து எண்ணினான்.

"அத்தானுக்கு ஒரு வரி எழுதிப் போட்டா அவரு பயப்படுவாரு," என்றாள் அவள். "பயந்தா ஆள் தேடுவாரு. ஸ்டேஷனுக்குப் போக மாட்டாரு. என் முகம் தெரிஞ்சு, ஆள் தேடவும் தெரிஞ்சு, இப்ப காக்கிச் சட்டை போடாத ஆள் யாரு? நீங்க ஒருத்தர்தான். ஏழைப் பாத்தா வழி தெரியும்னுதான் இருளம்மாள்கிட்ட பாட்டிலை ஜன்னல்ல வைக்கச் சொன்னேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. நீங்க என்னைத் தேடி வரல, ஐயா. நான் உங்களை வரவழைச்சேன்."

"எதுக்கு?"

"மார்ச் மாசம் ரயில்ல உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?"

எலியேசர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் தனுஷ்கோடி நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"சொல்லுங்க, ஐயா. அந்தத் தம்பியும் கேக்கட்டும்."

"உங்க அக்கா தவறி விழலன்னு சொன்னே," என்றார் கடைசியில்.

"எத்தனை தடவை சொன்னேன்?"

"மூணு தடவை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது என் வேலை இல்லம்மான்னு சொன்னேன்."

வெளியே ஒரு பிள்ளை அழுதது.

"அக்காளைக் குளிப்பாட்டுனது நானும் இருளம்மாளும்," என்றாள் அன்னாள். அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "கழுத்துல பத்து விரலும் பதிஞ்சு கிடந்துச்சு. கிணத்துத் தண்ணிக்கு விரல் உண்டா, ஐயா? சேலையை உசத்திச் சுத்தி மறைக்கச் சொன்னாரு அத்தான். போலீஸ்ல சொல்லப்போறேன்னு நான் சொன்னேன். பத்தாம் நாள் பெட்டிஷன் போச்சு. நான் அந்நிய நாட்டுக்காரி ஆயிட்டேன். எங்க அம்மாவைப் புதைச்ச மண்ணுல நிக்க எனக்கு உரிமை இல்ல."

"எப்படித் திரும்பி வந்தே?"

"காரைக்கால்ல மாமியார் வீட்டுல பத்து நாள் இருந்தேன். ஒருநாள் காலையில வெத்தலைக் கூடைக்காரிகளோட சேந்து நடந்து வந்துட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. ஒரு தமிழ்ப் பொம்பளை தமிழ்ச் சீமைக்குள்ள நடந்து வாரா. எந்த நாட்டுல இருந்து எந்த நாட்டுக்கு வாரான்னு எவன் கண்டான்?"

"நாலு மாசம் ஏன் சும்மா இருந்தே?"

"இருளம்மாளுக்குத் தைரியம் வரணும்ல. நான் கேக்கும்போதெல்லாம் அழுவா. முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கு அவளே இருமிக்கிட்டு நடந்து வந்தா. 'அம்மா, முதலாளி கட்டிக்கப்போற பொண்ணுக்குப் பத்தொம்பது வயசுதான். நான் சொல்லுதேன்'னா."

எலியேசர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பிடிபட்டா ஜெயில், அன்னாள். தெரிஞ்சுதான் வந்தியா?"

"ஜெயிலுக்குத்தான் வந்தேன்." முதல் தடவையாக அவள் கண் பளபளத்தது. "யோசிச்சுப் பாருங்க, ஐயா. நாட்டை விட்டுப் போன்னு சொன்னப்போ விசாரணை உண்டா? கோர்ட்டு உண்டா? ஒரு காகிதம். அம்புட்டுதான். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச விடல. ஆனா உத்தரவை மீறித் திரும்பி வந்தா அது குத்தம். குத்தம்னா கோர்ட்டு உண்டு. 'ஏன் வந்தே'ன்னு மாஜிஸ்திரேட் கேட்டே ஆகணும். நான் சொல்றதை ஒரு கிளார்க் எழுதியே ஆகணும். இந்த நாட்டுல எனக்கு வாய் திறக்க இருந்த ஒரே வழி இந்தக் குத்தம்தான்."

எலியேசர் நோயாளிகள் நோட்டை மூடி வைத்தார்.

"நானா போய் நின்னா நேத்து கட்டுன கதைன்னு அத்தானோட வக்கீல் சொல்லுவாரு. மார்ச்சுலயே சொன்னேன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். நீங்க வாறீங்களா?"

போனால் என்ன ஆகும் என்று எலியேசருக்குத் தெரியும். கொலை என்று காதில் விழுந்தும் ரிப்போர்ட் எழுதாத அதிகாரி. பென்ஷனே ஆட்டம் காணும். அதைவிடப் பெரிய சங்கடமும் இருந்தது. அக்காளைப் பறிகொடுத்தவள் பேச்சு இது. இத்தனை கெட்டிக்காரத்தனமாக ஏழு எழுதத் தெரிந்தவளுக்குப் பொய் சொல்லவும் தெரியாதா?

"தனுஷ்கோடி," என்றார். "கிட்டங்கிக்குப் போ. ஆள் கிடைச்சாச்சு, செண்பகத்தோப்புல பழைய மரக் கொட்டகையில தனியா இருக்கான்னு சொல்லு. பொறவு பாரஸ்டு செக்போஸ்டுக்குக் குறுக்கே போய், அவரு யாரைக் கூட்டிட்டு வாராரு, என்ன கொண்டு வாராருன்னு மட்டும் பாத்துட்டு வா."

*

தனுஷ்கோடி திரும்பி வரும்போது சாயங்காலம் நாலு மணி. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்னாள் கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான்.

"போலீஸ் வந்துச்சா?" என்றார் எலியேசர்.

"இல்ல."

"பாதிரியார், சொந்தக்காரங்க?"

"கார்ல அவரும் ரெண்டு ஆளும். ரெண்டும் தடி ஆளு. செக்போஸ்டுல காரை நிறுத்தி பாரஸ்டு கார்டு உள்ளே எட்டிப் பாத்தாரு. நானும் புளியமரத்துக்குப் பின்னால இருந்து பாத்தேன். ஒரு கோணிச் சாக்கு. தாம்புக் கயிறு. மண்வெட்டி ரெண்டு. எதுக்குன்னு கார்டு கேட்டாரு. கொட்டகையில மாடு செத்துக் கிடக்கு, புதைக்கப் போறேன்னு சொன்னாரு. வண்டி நம்பர், சாமான், நேரம் எல்லாத்தையும் கார்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு."

"அங்கே மாடு ஏதும்..."

"எந்த மாடும் சாகல, அண்ணாச்சி," என்றான் தனுஷ்கோடி. "இன்னும்."

சொன்னபிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. அன்னாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளரைத் தரையில் வைத்தான்.

எலியேசர் எழுந்தார். கொட்டகை காலியாக இருப்பதை ஞானரத்தினம் இதற்குள் பார்த்திருப்பார். இனி ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. "நீ ராஜபாளையம் போய் இருளம்மாளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. அந்த பாரஸ்டு கார்டையும் நாளைக்குக் காலையில நோட்டோட கோர்ட்டுக்கு வரச் சொல்லிரு. அன்னாள், மாத்துச் சேலை இருந்தா எடுத்துக்கோம்மா. இப்பவே கிளம்புதோம்."

*

சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், அன்றைய முதல் வேலையாக, எலியேசர் அன்னாளை முன்னால் நிறுத்தினார். உத்தரவின் நகலையும் தம் பழைய டைரியையும் மேஜைமேல் வைத்தார். செய்தி எப்படியோ எட்டி, ஞானரத்தினம் ஒரு வக்கீலோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பட்டை கையில் இருந்தது.

மாஜிஸ்திரேட் வயதானவர். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு உத்தரவை வாசித்தார்.

"நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு. போயிருக்கே. அனுமதி இல்லாமத் திரும்பி வந்திருக்கே. குத்தத்தை ஒப்புக்கிறியா?"

"ஒப்புக்கிடுதேன், ஐயா. ஏன் வந்தேன்னு கேளுங்க."

வக்கீல் எழுந்தார். "குத்தத்தை ஒப்புக்கொண்டபிறகு காரணம் எதுக்கு, யுவர் ஆனர்? சம்பந்தமில்லாத விஷயம்."

மாஜிஸ்திரேட் வக்கீலைப் பார்த்தார். "நீங்க யாருக்கு ஆஜராகிறீங்க?"

"ராஜபாளையம் காண்டிராக்டர் ஞானரத்தினத்துக்கு."

"அவர் மேல இங்கே கேஸ் இல்லையே?"

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் கிளார்க்கிடம் திரும்பினார். "தண்டனையை நிர்ணயிக்கக் காரணம் தெரியணும். எழுதுங்க."

அன்னாள் பேசினாள். அரை மணி நேரம் பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பிறகு இருளம்மாள் வந்து, இருமலுக்கு நடுவில், தண்ணீர் ஊற்றியபோது கழுத்தில் தான் கண்டதைச் சொன்னாள். காட்டு இலாகா கார்டு நோட்டைப் பிரித்து வைத்து வாசித்தார். சாக்கு, கயிறு, மண்வெட்டி என்ற வார்த்தைகள் வந்தபோது வக்கீல் ஞானரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக எலியேசர் கூண்டில் ஏறினார்.

"இந்தப் பெண் இதை உங்களிடம் முன்னாடியே சொன்னதுண்டா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"உண்டு, ஐயா. மார்ச் பதினோராம் தேதி. விருதுநகரில் ஒரு தடவை, திருச்சி தாண்டி ஒரு தடவை, பேரளத்தில் வண்டி மாறும்போது ஒரு தடவை."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. உத்தரவை நிறைவேற்றுவது மட்டும்தான் என் வேலை என்று இருந்துவிட்டேன்."

"ஒரு போலீஸ் அதிகாரி கொலைப் புகாரைக் கேட்டும் பேசாமல் இருந்தார் என்பது பதிவாகும். அதன் பலன் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பதிவாகட்டும், ஐயா."

எலியேசர் கூண்டை விட்டு இறங்கித் தனுஷ்கோடியின் பக்கத்தில் வந்து நின்றார்.

அதற்குள் பின் பெஞ்சு சத்தமிட்டது. ஞானரத்தினம் எழுந்து கதவுக்கு வேகமாக நடந்தார். வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் தலையை ஒரு தடவை அசைத்தார். பிடித்த இழுப்பில் கறுப்புப் பட்டையின் தையல் விட்டு, கோட்டுக் கையில் ஒரு நூலில் தொங்கியது.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தீர்ப்பு. உத்தரவை மீறி நாட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்கு அன்னாளுக்கு மூன்று மாதச் சிறை. சட்டம் தமக்கு வேறு வழி வைக்கவில்லை என்று மாஜிஸ்திரேட் சொன்னார். சொல்லும்போது காகிதத்தைப் பார்த்தே சொன்னார். ஏசம்மாளின் சாவு பற்றிய கேஸ் செஷன்ஸுக்குப் போகும். அன்னாள் அதில் முதல் சாட்சி.

இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்னாள் அழவில்லை. சைகோனுக்குக் கப்பல் இல்லை. புருஷன் உயிரோடிருக்கிறானா என்று மார்ச்சில் கொடுத்த தந்திக்கு அப்புறம் ஒரு வரி தகவல் இல்லை. காரைக்காலில் மாமியார் அவளுக்கு ஒரு பாய்தான் கொடுத்திருந்தாள். மூன்று மாதம் கழித்து ஜெயில் கதவு திறந்தால் எந்தத் திசையில் நடப்பது என்று அவளுக்குத் தெரியாது.

கிளார்க் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். கூப்பிட்டபோது வந்து சாட்சி சொல்வேன் என்று எழுதிக் கொடுக்கும் முச்சலிக்கா. கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டுவது வழக்கம். ஆயிரம் பேருக்கு வாசித்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்:

"...தண்டனைக் காலம் முடிந்த பிறகும், மேற்படி செஷன்ஸ் வழக்கு முடியும் வரையில், மேற்படி அன்னாள் என்பவள் இந்த ஜில்லாவை விட்டு எங்கும் போகக்கூடாது என்றும், எவரும் அவளை வெளியேற்றக்கூடாது என்றும் இதன்மூலம் உத்தரவாகிறது."

அவர் பேனாவை நீட்டினார். அன்னாள் வாங்கவில்லை. கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, புரியலையா?" என்றார் கிளார்க்.

"புரிஞ்சது, ஐயா." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அதை இன்னொரு தரம் வாசிங்க."

கிளார்க் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.